கண் முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களே, அக்கா தங்கச்சிமாரே, அண்ணன் தம்பிமாரே,

வணக்கம். கொட்டாம்பட்டிப் பக்கம் நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளுக்கு நடந்த கண் பரிசோதனை முகாம் நல்லபடியாக முடிந்தது. மேடை போட்டு சால்வை போர்த்தக் குழுவிடம் காசில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஊர் மந்தைத் திடலில் கோலப்பொடியால் ஊர் முழுவதையும் வரைந்த மகளிர் குழுப் பெண்களுக்கு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை வைத்தார்கள். வீடு வீடாக வைக்காமல் தெருவுக்கு மொத்தமாகக் குவித்தது நல்ல யோசனை. யாருக்கு என்ன நோய் என்று ஊர் வாயில் விழ வேண்டியதில்லையே. தன் நோட்டை வைத்துக் கணக்குத் தப்பாமல் பார்த்துக்கொண்டவர், வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் அக்கா. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியிராவிட்டால் அப்படியொரு நோட்டு நம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கொட்டை அதிகம் குவிந்தது கீழத்தெருவில். முகாம் என்றால் எட்டிப் பார்க்காததும் அதே தெருதான். ஏன் என்று அங்கேயே கேட்டோம். "பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வான்னா எப்படிய்யா? நூறு நாள் வேலையில போட்டோ எடுக்குற நேரத்துக்கு ஆள் இல்லேன்னா கூலி போச்சு. கண்ணப் பாக்கவா, கூலியப் பாக்கவா?" என்றார் ஒரு மதினி. அவருக்குத் தனியாக ஒரு நன்றி. ஞாயிற்றுக்கிழமை, கீழத்தெருச் சாவடியில் என்று முடிவானது அந்தப் பேச்சில்தான். கிராம சபையில் அதைத் தீர்மானமாக எழுதி வாங்கிய வார்டு உறுப்பினர்களுக்கும் நன்றி.

முன்பு வந்த ஒரு முகாம்காரர்கள் பேனர் கட்டிப் படம் பிடித்துப் போனார்கள். முடிவு இன்றுவரை வரவில்லை. அதனால் இந்தத் தடவை, ஆள் எழுந்து போகும் முன் முடிவு கையில் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். மதுரையிலிருந்து வந்த கண் மருத்துவக் குழு சரி என்றது. விழித்திரையைப் படமெடுத்ததும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பார்த்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா இல்லையா என்று சில நிமிடங்களில் சொல்லிவிட்டது. புரை விழுந்த கண்களில் படம் தெளிவில்லை என்று கைவிரித்தது. அதுவும் நல்லதே. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. அவர்களை மருத்துவரே நேரில் பார்த்தார்.

"எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்த தாத்தாவின் படத்தைத் திரையில் பார்த்தோம். ஆரஞ்சு வட்டத்தில் குண்டூசி முனை போல் சிவப்புப் புள்ளிகள், ஓரத்தில் மஞ்சள் திட்டு. சர்க்கரை கண்ணின் ரத்தக்குழாயைக் கெடுக்கும்போது வலிக்காது, பார்வையும் கடைசிவரை மங்காமலே இருக்கலாம்.

இந்த மென்பொருள் வகையைப் பழக்கியதில் நம் மதுரைக்கும் பங்குண்டு. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அவற்றில் இருந்தன. அந்தப் படங்களுக்குக் கண் காட்டிய முகம் தெரியாத நோயாளிகளுக்கும் நன்றி சொல்லாவிட்டால் இந்த மடல் குறைப்பட்டுப் போகும்.

பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்களுக்குச் சில மணி நேரம் கண் கூசும் என்று வீடுவரை இறக்கிவிட்ட ஷேர் ஆட்டோ தம்பிகளே, காசு வாங்க மறுத்தீர்கள். டீசலாவது குழு போடும். சாவடியைக் கழுவிவிட்ட பிள்ளைகளுக்கும் மோர் ஊற்றிய அப்பத்தாமாருக்கும் கும்பிடு.

மேல்சிகிச்சைச் சீட்டு வாங்கியவர்களில் சிலர் இன்னும் கிளம்பவில்லை. அறுவடை முடியட்டும் என்கிறார்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் தன்னார்வலர் அக்காவிடம் சொல்லுங்கள், புதன்கிழமை காலை மதுரைக்குச் சேர்ந்தே போகலாம்.

நன்றியுடன்,
கிராம சுகாதாரக் குழு