பின்சுவரிலிருந்தும் அளந்து பாருங்கள்

தருமபுரி மாவட்டப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பாலக்கோடு பக்கம் கொத்தனார் வேலை பார்க்கிறவன். என் மகன் ஒன்பதாவது படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராகவும் இருக்கிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. குறை அந்த ஒரு பள்ளியோடு நிற்பதில்லை என்பதால்தான் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

போன மாதம் துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து என் மனைவி ஒரு புகையிலைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். உள்ளே விரல் நகம் அளவுக்கு, டீத்தூள் பை மாதிரி குட்டிக் குட்டி வெள்ளைப் பைகள். புதினா வாசனை அடித்தது. மகனைக் கேட்டேன். “மிட்டாய் மாதிரிதான்ப்பா, உதட்டுக்கு அடியில வெச்சா ஜில்லுனு இருக்கும். எங்க கிளாஸ்ல நிறைய பேரு வெக்கிறாங்க” என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அப்புறம் அவன் கீழுதட்டை மடக்கிப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. உள்பக்கம் தோல் வெளுத்து, சுருங்கிப்போய் இருந்தது. பதினாலு வயது.

எங்கே வாங்கினாய் என்றால், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கடை என்றான்.

எங்கள் பள்ளி வாசலில் ‘புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம்’ என்று நல்ல பெயிண்டில் பலகை இருக்கிறது. 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. இது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடை எப்படித் தப்பியது என்று விசாரித்தேன். “அது தூரத்துல இருக்குங்க” என்றார்கள். சரி, அளந்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு எடுத்துப்போகும் 100 அடி டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். 100 கஜம் என்றால் 300 அடி, மூன்று டேப் நீளம். வாசலில் தொடங்கி ரோட்டோடு சுற்றிப் போனால் கடைக்கு 420 அடி வருகிறது. பின்சுவரின் மூலையிலிருந்து நேராகப் பிடித்தால் 130 அடிதான். அந்தச் சுவரில் ஓரிடத்தில் நாலு செங்கல் பெயர்ந்து, பையன்கள் ஏறி இறங்கிப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம், கழிவறை ஓரமாக, கிழிந்த பொட்டலங்கள்.

சட்டத்தின்கீழ் வந்த விதி தெளிவாகவே சொல்கிறது. சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் நேராக அளக்க வேண்டும். வாசலிலிருந்து ரோட்டு வழியாக அளக்கச் சொல்லி எங்கும் இல்லை. நம் ஊரில் எத்தனை பள்ளிகளில் பின்சுவரிலிருந்து டேப் பிடித்திருப்பார்கள்?

புகையிலை இல்லாக் கல்வி நிறுவனங்களுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒன்பது அம்சங்கள் இருக்கின்றன. பள்ளியே தன்னைச் சோதித்து மதிப்பெண் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அவநம்பிக்கையில் சொல்லவில்லை, ஆனால் பரீட்சை எழுதுகிறவரே தன் பேப்பரைத் திருத்தும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லதுதானே? பள்ளியில் புகையிலைக் கண்காணிப்புக்குப் பொறுப்பானவரின் பெயரும் போன் நம்பரும் பலகையில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் பலகையில் இருப்பது மாறுதலாகிப் போய்விட்ட ஆசிரியரின் பெயர். பையனைப் பற்றிச் சொல்ல அந்த நம்பருக்குத்தான் முதலில் போன் போட்டேன். அவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறாராம்.

ஆறு மாதத்துக்கு ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சியாவது நடத்த வேண்டும் என்பது இன்னொன்று. மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். அன்றைக்கு நம் பிள்ளைகளுக்குக் கோடை லீவு. யாரை வைத்து உறுதிமொழி எடுப்பது? ஜூன், ஜூலையில் வகுப்பு நிறைந்திருக்கும்போது ஒரு நாளை நீங்களே குறித்து நடத்துங்கள்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. இந்தப் பக்கம் பாதி வீடுகளில் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். வெற்றிலையோடு போட்டுக்கொள்ளப் புகையிலையும், பீடிக்கட்டும் வாங்கிவரச் சொல்லிப் பேரனைத்தான் கடைக்கு அனுப்புகிறோம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பதே குற்றம். சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுத்தால் ஏழாண்டு வரை சிறை என்கிறது. அந்தக் கடைக்கார அம்மா எனக்குத் தெரிந்தவர்தான், கணவர் இல்லை. அவரை உள்ளே தள்ளச் சொல்லி நான் எழுதவில்லை. இனிமேல் விற்காமல் இருந்தால் போதும். நேரில் போய்ச் சொன்னேன். தேன்மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் இருந்த பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்தார். வெளியே போட்டுவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் பள்ளியும் வேண்டும்.

குட்காவுக்கு 2013லேயே தமிழ்நாட்டில் தடை வந்தாயிற்று. பள்ளிப் பிள்ளைகளிடம் உதட்டுக்கு அடியில் வைக்கும் இந்தப் புகையிலைப் பை, ‘கூல் லிப்’, புழங்குவதைப் பற்றி 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலையோடு கேட்டது. ஓசூர் வழியாக இந்தப் பொட்டலங்கள் வருவதைப் போலீஸ் பிடிக்கட்டும். பின்சுவர் உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்றே பெற்றோர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நாலு பக்கமும் அளந்துவிடுங்கள். 300 அடி முடியும் இடத்தில் மஞ்சள் கோடு போடுங்கள். பலகையில் இப்போது பள்ளியில் இருப்பவரின் பெயரை எழுதுங்கள். மாட்டிக்கொண்ட பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது, அதையும் அந்தப் பலகையிலேயே எழுதிவையுங்கள். என் மகன் விட்டு மூன்று வாரம் ஆகிறது. ராத்திரியில் எரிச்சலாக இருக்கிறான், சாப்பாட்டில் கோபப்படுகிறான். நாங்கள் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தகப்பன்