டென்ட்டுக்குள்ள அடுப்பு: அந்த ஒரு வரிய திருத்திப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்புல கேம்பிங் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். இடம் பாத்து டென்ட் அடிக்கறது, ஆணி எந்தப் பக்கம் சாய்ச்சு அடிக்கணும்ங்கறது எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க. ஆனா நடுவுல, "மழை பிடிச்சுக்கிட்டா அடுப்பை டென்ட்டுக்குள்ள எடுத்துக்கலாம், வாசல் ஜிப்பை ஒரு சாண் திறந்து வெச்சா போதும்"னு ஒரு வரி இருக்கு. அந்த ஒரு சாண்ங்கற இடத்துலயே நின்னுட்டேன், பேப்பரை மடிச்சு வெச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சுதான் மிச்சத்த படிச்சேன்.

ஏன்னா அந்த மாதிரி ஒரு டென்ட்டுக்குள்ள நான் படுத்திருக்கேன். ஏழு வருஷம் ஆச்சு. நானும் என் தங்கச்சி வீட்டுக்காரரும் போயிருந்தோம். வெளியிலதான் கரி அடுப்புல சமைச்சோம், அதுல ஒரு தப்பும் இல்ல. சாப்பிட்டு முடிக்கும்போது தூறல் ஆரம்பிச்சுது, குளிரும் சேந்துக்கிச்சு. கரி மேல வெள்ளையா சாம்பல் பூத்திருந்துச்சு, புகையே இல்ல. "அணைஞ்சிடுச்சு மச்சான், சூடு மட்டும்தான் இருக்கு, உள்ள வெச்சுக்கலாம்"னு மாப்ள சொன்னார், நானும் சரின்னுட்டேன். சாரல் உள்ள அடிக்குதேன்னு, காத்து போக மேல இருந்த வென்ட்டையும் நானே என் கையால இழுத்து மூடினேன்.

ராத்திரி ஒண்ணுக்குப் போக முழிப்பு வந்துச்சு. நெத்திக்குள்ள யாரோ சுத்தியலால தட்டற மாதிரி வலி, வயித்தப் பொரட்டுது, குளிர்ல வந்ததுன்னுதான் அப்பவும் நெனச்சேன். ஜிப்பை பிடிச்சு இழுக்கறேன், விரல்ல பிடியே நிக்கல, ஓரத்துணி பல்லுல மாட்டிக்கிச்சு. தினமும் போடற கழட்டற அதே ஜிப்தான் சார், எந்தப் பக்கம் இழுக்கணும்னு எனக்குத் தெரியல. எப்படியோ ஒரு அடி திறந்துச்சு, தலைய வெளிய நீட்டி சேத்துலயே கெடந்தேன். அப்புறம் மாப்ளய கால பிடிச்சு இழுத்தா, "விடுங்க, தூங்கறேன்"னு முனகறார். மூச்சுத் திணறவே இல்ல அவருக்கு, இருமலும் இல்ல, நிம்மதியா தூங்கற மூஞ்சி.

சாம்பல் பூத்த கரில இருந்தும் வர கார்பன் மோனாக்சைடுங்கற வாயு அப்படித்தான் வேல செய்யும்னு உங்க அறிவியல் பக்கத்துல எழுதறவங்களுக்குத் தெரியாதா? நிறம் கெடையாது, வாசனை கெடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபின் ஆக்சிஜன பிடிச்சுக்கறத விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இத பிடிச்சுக்கும், அப்புறம் ஆக்சிஜனுக்கு உக்கார எடமில்ல. ஆஸ்பத்திரில மாப்ளயோட விரல்ல ஆக்சிஜன் அளவு பாக்கற கிளிப் மாட்டினாங்க, 98 சதவீதம்னு காட்டுச்சு, நான் நல்லாயிட்டாருன்னு நெனச்சேன். ஆக்சிஜன பிடிச்ச ரத்தத்துக்கும் இந்த வாயுவ பிடிச்ச ரத்தத்துக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாதான் தெரியும்னு டாக்டர் சொன்னார். சாதாரண காத்துல இருந்தா ரத்தத்துல இருக்கற அந்த வாயுல பாதி வெளிய போகவே நாலஞ்சு மணி நேரம் ஆகுமாம், சுத்த ஆக்சிஜன் வெச்சா ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாஸ்க் போட்டு பக்கத்து பக்கத்து கட்டில்ல கெடந்தோம், தங்கச்சி வந்து நின்னப்ப என்னால நிமிந்து பாக்க முடியல.

உங்க கட்டுரையோட போட்ட படத்தயும் சொல்லணும். சின்ன கேஸ் டப்பா மேல பர்னர், அது மேல பர்னரையே மூடற அளவுக்கு அகலமான பாத்திரம், சுத்தி மூணு பக்கமும் துணி, பின்னாடி வென்ட் மூடியிருக்கு. கேஸ் அடுப்புன்னா சுத்தம்னு நெனப்பு. பச்சத்தண்ணி நெறஞ்ச பாத்திரத்தோட அடில தீ மோதும்போது தீயே குளுந்து அரைகுறையா எரியும், அங்கயும் அதே வாயுதான் வரும். சூடும் திரும்பி டப்பா மேலயே இறங்கும். பாலியஸ்டர், நைலான் துணி 250 டிகிரி கிட்ட உருகி சொட்டும், ஒடம்புல பட்டா ஒட்டிக்கும். "தீப்பிடிக்காத துணி"ன்னு முன்னாடி ஒரு தடவ எழுதினீங்க, பக்குவம் பண்ண துணி மெதுவா எரியும், அவ்வளவுதான், அது எரியாத துணி கெடையாது.

இது மட்டும்னா நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி மழைக்கால சிறப்பிதழ்ல "எல்லா ஓட்டையும் மூடிட்டுப் படுங்க"ன்னு போட்டீங்க. மூச்சுல வர ஈரம் துணில முத்து முத்தா நின்னு படுக்கை நனையும், கீழ ஒண்ணு மேல ஒண்ணு வழி இருந்தாத்தான் காத்து ஓடும், துணி நனைஞ்சா அதுல காத்து போகற வழியும் அடைஞ்சிடும்னு ரெண்டு பக்கம் எழுதினேன். "பயனுள்ள இதழ், நன்றி"ங்கற என் முதல் வரிய மட்டும் பாராட்டுக் கடிதமா போட்டீங்க. மனசு ரொம்ப வருத்தப்பட்டுச்சு சார். அதுக்கப்புறம் கேள்வி பதில்ல "கரியமில வாயு கீழ படியும், கீழ் ஜிப்பை திறந்தா போயிடும்"னு ஒரு பதில். இங்க ஆளக் கொல்றது கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு இல்ல, கார்பன் மோனாக்சைடு, அது காத்து எடைதான், கீழயும் படியாது, எல்லா மூலைலயும் கலந்து நிக்கும்.

அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் துருவப் பயணியுமான அட்மிரல் பேர்ட் 1934ல அண்டார்டிக்கால தனியா இருந்தப்ப, பனிக்கு அடில இருந்த குடில்ல அடுப்புக் குழாய் அடைச்சு, ஜெனரேட்டர் புகையும் சேந்து, இதே வாயுலதான் சாகக் கெடந்தார். அவ்வளவு பழகின ஆளுக்கே அப்படின்னா, உங்க இணைப்ப கைல வெச்சுக்கிட்டு மொத தடவ டென்ட் அடிக்கப் போற பிள்ளைங்க கதி என்ன? அலாரம் இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. ஐரோப்பிய தரத்துல செஞ்ச அலாரம் 300 பிபிஎம்ல, அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 300 பங்கு இந்த வாயு இருந்தா, மூணு நிமிஷத்துக்குள்ள அடிக்கும், 50 பிபிஎம்ல அடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அது தூங்கறப்போ காவலுக்கு, உள்ள சமைக்க அனுமதி இல்ல.

நான் கேக்கறது நாலு வரிதான். டென்ட்டுக்குள்ள எந்த அடுப்பும் கூடாது, சாம்பல் பூத்த கரியும் கூடாது, ஜிப் திறந்திருந்தாலும் கூடாது, தலவலியும் வாந்தியும் வந்தா மொதல்ல வெளிய வாங்க. இத அதே பக்கத்துல, அந்தக் கட்டுரை இருந்த அதே அளவு எழுத்துல போடுங்க. இணையப் பதிப்புல இருந்து அந்தப் படத்த எடுத்துடுங்க. இந்தத் தடவ என் முதல் வரிய மட்டும் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
21 வருஷமா உங்க பத்திரிகை வாங்கற வாசகன்