கையெழுத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

கென்டக்கி, டென்னசி, வெர்ஜீனியா, மிசௌரி பக்கத்து வீடுகளில் கொள்ளுத்தாத்தா காலத்துத் தாள்களைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும், அந்தத் தாள்களை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் லெக்சிங்டனில் இருப்பதால் வருடத்தில் சில மாதம் உங்கள் ஊரில் கழிகிறது. பத்திரம் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வரும். மனதில் பட்டதை முழுசாகச் சொல்லத் தமிழ்தான் கைகொடுக்கிறது. பேத்தி மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை தமிழ் படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

போன மாதம் ஒரு பழம்பொருள் கடையில் சட்டம் போட்ட காகிதத் துண்டு ஒன்றைப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். பழுப்பு மையில் ஒரு கையெழுத்து. கீழே, 'மிலிஷியா கேப்டன், எல்லைப்புறக் குடியேறி' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். பின்பக்கமும் கண்ணாடி போட்டிருந்ததால் திருப்பிப் பார்த்தேன். அங்கே அறுபட்ட நாலு வரி. ஒன்றில் 'போல் தூரம், ஒரு ஹிக்கரி மரம் வரை' என்று இருந்தது. அதற்குக் கீழே 'இரண்டு வெள்ளை ஓக்'. அவ்வளவுதான், கத்தரி அதோடு நின்றுவிட்டது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது ஒரு நில அளவைத் தாள். போல் என்றால் பதினாறரை அடி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இழுத்த 66 அடிச் சங்கிலியில் சரியாக 25 லிங்க், அதாவது கண்ணி. மூலைக்கு மூலை மரத்தைச் சொல்லி, திசையைச் சொல்லி, தூரத்தைச் சொல்லி ஒருவருடைய நிலத்தை எழுதியிருக்கிறார்கள். மீதித் தாள் எங்கே என்று கேட்டேன். கையெழுத்துக்குத்தான் விலை, மற்றதை யார் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

உங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஆளை வைத்தே பேசுகிறேன். டேனியல் பூன். 1734இல் பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்து, வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். 1775 மார்ச்சில் முப்பது பேர் சொச்சம் ஆட்களோடு கம்பர்லேண்ட் கணவாய் வழியாகக் கோடரியால் பாதை வெட்டி, கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோவை உண்டாக்கியவர். மிலிஷியாவில், அதாவது ஊர்க்காரர்களே துப்பாக்கி எடுத்துப் போகிற படையில், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று ஏறியவர். தலையில் ரக்கூன் தோல் தொப்பி வைத்தே எல்லாரும் படம் போடுகிறார்கள். அவர் போட்டது சாதாரண ஃபெல்ட் தொப்பி. சரி, அதை விடுங்கள்.

இவ்வளவு பேர்பெற்ற மனிதரின் சொந்த வார்த்தை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தேடினால் கை காலியாகத்தான் திரும்பும். 1784இல் ஜான் ஃபில்சன் வெளியிட்ட கென்டக்கி வரலாற்றில் பூன் தானே பேசுவதுபோல ஒரு பகுதி உண்டு. சேதி பூனுடையது, வாக்கியம் ஃபில்சனுடையது. வயதான காலத்தில் மிசௌரியில் பேரனிடம் தன் கதையைச் சொல்லி எழுத வைத்தார். படகு கவிழ்ந்து அந்தத் தாள்கள் ஆற்றோடு போயின. மிஞ்சியவை சில கடிதங்கள், கணக்குகள், அளவைத் தாள்கள், கோர்ட் வாக்குமூலங்கள். விற்பவர்கள் பார்வையில் இவையெல்லாம் கையெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் வெறும் தாள்கள். ஆனால் ஆள் இருப்பது இதற்குள்தான்.

வாக்குமூலம் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். 1796இல் ஒரு நில வழக்கு. ஒரு ஓடைக்கு எப்படிப் பெயர் வந்தது என்று பூனிடம் விசாரிக்கிறார்கள். அவர் சொல்கிறார்: 1770இல் ரெட் ஆற்றங்கரையில் ஐந்து பேரோடு கூடாரம் போட்டிருந்தோம், பொழுது போக 'கல்லிவரின் பயணங்கள்' புத்தகத்தை வைத்திருந்தோம். அலெக்சாண்டர் நீலி என்ற இளைஞர் ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்து, இன்றைக்கு லல்பிக்ரட் வரை போனேன், அவர்கள் தலைநகரிலேயே இரண்டு ப்ராப்டிங்நாக்குகளைக் கொன்றுவிட்டு வந்தேன் என்றார். ப்ராப்டிங்நாக் என்று அவர் சொன்னது புத்தகத்தில் வரும் ராட்சதர்களை. அந்த ராட்சதர்கள் நாட்டின் தலைநகருக்குப் புத்தகத்தில் இருக்கும் பெயர் லார்ப்ரல்க்ரட். காட்டுக்குள் வாய் மாறி லல்பிக்ரட் ஆகிவிட்டது. அந்த ஓடை இன்றும் அதே பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவர், எழுத்துப் பிழை மலிந்தவர் என்று பேர் வாங்கிய வேட்டைக்காரர்கள், ஊர் பேர் தெரியாத காட்டில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தை எழுதிய ஸ்விஃப்ட்டைப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். இது எந்தச் சிலையின் பீடத்திலும் இல்லை. எல்லைத் தகராறுக்காகக் கொடுத்த சாட்சியத்தில் கிடக்கிறது. அடியில் இருக்கும் கையெழுத்தை மட்டும் யாராவது வெட்டிச் சட்டம் போட்டிருந்தால், நீலியின் நகைச்சுவை குப்பைக்குப் போயிருக்கும்.

அடுத்தது நிலம். இது என் தொழில், கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1779இல் வெர்ஜீனியா போட்ட சட்டப்படி, 1778க்கு முன் குடியேறியவருக்கு 400 ஏக்கர், அதையொட்டி இன்னும் 1000 ஏக்கர் வாங்க முன்னுரிமை. மற்றவர்கள் 100 ஏக்கருக்கு 40 பவுண்டு கட்டி வாரண்ட், அதாவது நிலம் கேட்கும் உரிமைச் சீட்டு, வாங்க வேண்டும். வாரண்டை வைத்து இடத்தைக் குறித்துப் பதிய வேண்டும். அப்புறம் அளவை. அதற்கப்புறம்தான் பட்டயம். ஒரே நிலத்துக்கு நாலு தாள். ஒன்று பிசகினால் மற்ற மூன்றும் சும்மா. முன்கூட்டியே யாரும் ஊரை மொத்தமாக அளந்து எண் போடவில்லை. கேட்டவர் கேட்ட இடத்தில், ஓடையையும் மரத்தையும் அடையாளம் சொல்லி எழுதிக்கொண்டார்கள். ஓடு வேய்ந்த மாதிரி ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம். பத்து வருடத்தில் மரம் விழுந்துவிடும், வழக்கு நிற்கும்.

பூன் 1780களில் துணை அளவையாளராகவும் இருந்தார். படையில் கர்னல், சங்கிலி பிடிப்பதில் உத்தியோகஸ்தர், சொந்தமாக நிலம் பதிபவர், மூன்றும் ஒரே ஆள். மற்றவர்களுக்கு அளந்து கொடுத்தவரின் சொந்த நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பதிவு சரியில்லை, மற்றொருவரின் பதிவு முந்தியது, கடனுக்குப் போனது என்று காரணங்கள். 1798இல் கென்டக்கி ஒரு கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, அவர் பெயரை வைத்தது. அதே வருடம் வழக்குக்கு வராததற்காக அவரைக் கைது செய்ய வாரண்டும் போட்டது. 1799இல் ஸ்பெயின் கையிலிருந்த மிசௌரிக்குக் கிளம்பினார். அங்கே கொடுத்த 1000 ஆர்ப்பென்ட், ஏறக்குறைய 850 ஏக்கர், அதுவும் தாளில்தான் மாட்டியது. அதிகாரி வாய்வார்த்தையாகப் பரவாயில்லை என்றதை நம்பி நியூ ஆர்லியன்ஸில் உறுதி செய்துகொள்ளவில்லை. நாடு கைமாறியதும் அமெரிக்க ஆணையர்கள் செல்லாது என்றார்கள். 1814இல் காங்கிரஸ் திருப்பிக் கொடுத்தது. அதையும் பெரும்பகுதி விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார்.

இதில் அவர் ஏமாளியா, கவனமில்லாதவரா, அல்லது அவரும் மற்றவர்களைப் போல நிலத்தாசை பிடித்தவரா? என் அபிப்பிராயம், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு தாளைத் தனியாகப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பதிவையும் அளவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எங்கே சறுக்கியது என்று தெரியும்.

ஒரே ஒரு தாளைத் தனியாக நம்பினாலும் கோணல்தான். 1778 பிப்ரவரியில் ப்ளூ லிக்ஸ் ஊற்றில் உப்புக் காய்ச்சப் போன இடத்தில் பூன், ஷானி என்ற பழங்குடி வீரர்களிடம் பிடிபட்டார். தன்னோடு வந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைச் சண்டையில்லாமல் சரணடையச் சொன்னார். ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். ஜூனில் தப்பி, 160 மைலை நாலு நாளில் கடந்து பூன்ஸ்பரோ கோட்டைக்கு ஓடிவந்தார். செப்டம்பரில் ஷானிகளின் முற்றுகை. கோட்டை தப்பியது. ஆனால் சொந்த ஆட்களே அவர்மேல் துரோகக் குற்றம் சாட்டி ராணுவ விசாரணை நடத்தினார்கள். சாட்டியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் காலவே. இரண்டு வருடம் முன்பு கடத்தப்பட்ட அவருடைய இரண்டு மகள்களைத் தன் மகளோடு சேர்த்து மீட்டுக் கொண்டுவந்தவர்களில் பூனும் உண்டு. குற்றமில்லை என்று தீர்ப்பாகி, மேஜராகப் பதவி உயர்வும் கிடைத்தது.

இந்த விசாரணையின் அதிகாரபூர்வப் பதிவு கிடையாது. நாம் அறிந்தது டேனியல் டிராபியூ என்பவர் 1827இல், கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, தன் நினைவிலிருந்து எழுதி வைத்ததைத்தான். ஃபில்சன் புத்தகத்தில் இந்தப் பேச்சே இல்லை. டிராபியூ வீட்டார் அந்தக் கையெழுத்துப் பிரதியை அடுப்புப் பற்றவைக்கப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

அது பிழைத்தது லைமன் டிரேப்பரால். 1815இல் பிறந்த, சின்ன உடம்புக்காரரான இவர், எல்லைப்புற வீரர்களின் வாரிசுகளைத் தேடித் தேடிப் போனார். 1851இல் பூனின் கடைசி மகன் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் மிசௌரியில் வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதினார். எழுத நினைத்த பூன் வாழ்க்கை வரலாற்றை முடிக்காமலேயே 1891இல் போய்ச் சேர்ந்தார். விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் அவர் விட்டுப்போனது ஏறக்குறைய 490 தொகுதி. அதில் பூன் பெயரில் மட்டும் 33.

இரவல் வாங்கினார், திருப்பித் தரவில்லை என்று உங்களில் சில குடும்பங்களுக்கு அவர்மேல் இன்னும் வருத்தம் உண்டு. நியாயம்தான். வாங்கியதைத் திருப்பித் தருவதுதான் முறை. ஆனால் அவர் கத்தரி எடுக்கவில்லை. கடிதத்தோடு கணக்கை, கணக்கோடு கிழவிகளின் நினைவை, ஒன்றாக வைத்துவிட்டுப் போனார். அதற்காக நான் அவரை மன்னித்துவிடுவேன்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. பெட்டியைத் திறக்கும்போது உங்களுக்குப் பிடிக்காத தாள்களும் வரும். பூன் 1775 ஏப்ரல் முதல் தேதி, தன்னைப் பாதை வெட்ட அனுப்பிய ரிச்சர்ட் ஹென்டர்சனுக்கு எழுதிய கடிதத்தில், விடியுமுன் நடந்த தாக்குதலில் கூட வந்த ட்விட்டியும் அவருடைய நீக்ரோவும் செத்துப்போனதாகச் சொல்கிறார். எஜமானுக்குப் பெயர் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. 1787 வரிக்கணக்கில் பூனின் பெயருக்கு நேரே ஏழு அடிமைகள். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் மனிதரை விற்று வாங்கிய சீட்டு இருக்கலாம். வெட்கப்பட்டுக் கிழித்துப் போடாதீர்கள். தன் முப்பாட்டியின் முதல் பெயரைத் தேடி அலையும் ஒருவருக்கு, உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே தடயம் அந்தச் சீட்டாக இருக்கக்கூடும். ஷானிகளுக்கு அந்த அளவுகூட இல்லை. கென்டக்கி அவர்கள் வேட்டைக்காடு. ஹென்டர்சன் அதைச் செரோக்கி என்ற இன்னொரு பழங்குடியினரிடம் விலை பேசியபோது ஷானிகளை யாரும் கேட்கவில்லை. பிளாக்ஃபிஷ் பேசியதெல்லாம் அவரை எதிர்த்துச் சண்டை போட்டவர்களின் தாளில்தான் கிடக்கிறது.

வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பிழைப்பில் மண் போட நான் வரவில்லை. விற்கிறவர் விற்கட்டும், வாங்குகிறவர் வாங்கட்டும். கட்டாக வந்ததைக் கட்டாக விற்கப் பாருங்கள். பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றால், பிரிக்கும் முன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, எது எதோடு இருந்தது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு எழுதி, மாவட்டத்து நூலகத்திலோ மாநில ஆவணக் காப்பகத்திலோ கொடுத்து வையுங்கள். அரை நாள் வேலை. பூன் கரடி கொன்றதாக மரத்தில் செதுக்கியதாகச் சொல்லும் எழுத்துகளில் கடைசி ஆங்கில 'e' எழுத்து இல்லாமல் பெயர் இருப்பதைப் பார்த்து ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்களே, அவர் அந்த எழுத்தோடு கையெழுத்துப் போடுவார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? முழுசாக மிஞ்சிய தாள்களிலிருந்துதான். உங்கள் சரக்கு அசலா போலியா என்று சொல்லப்போவதும் அவைதான்.

அந்தச் சட்டத்தை நான் வாங்கிவிட்டேன். மகள் திட்டினாள். துண்டின் மேல்விளிம்பு நேராகவும், கீழ்விளிம்பு லேசாக வளைந்தும் வெட்டப்பட்டிருக்கிறது. நீளம் இரண்டே முக்கால் அங்குலம். உங்களில் யாரிடமாவது அந்த அளவுக்கு ஓட்டை விழுந்த அளவைத் தாள் இருந்தால், முன்பக்கத்தில் ஓட்டைக்குச் சற்று மேலே ஏதோ ஒரு எண்ணும் திசையும் நின்றுபோயிருந்தால், தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அந்தத் தூரம் ஒரு ஹிக்கரி மரத்தில் போய் முடிகிறது. அதற்கு அடுத்த மூலை இரண்டு வெள்ளை ஓக்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு நில அளவையாளர்