முதல் ஆட்டத்தில் மாட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

'புதிதாகத் தொடங்குபவர்கள் போட வேண்டிய 40 மாட்கள்' என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதை மறுத்துச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். மாட் என்பது, வெளிவந்த கேமில் ரசிகர்கள் தாங்களாகச் செய்து சேர்க்கும் மாற்றம். ஒருவர் வரைந்த படத்தில் இன்னொருவர் மீசை வரைவதுதான் மாட் என்கிறார் அந்த வாசகர். 2013 முதல் ஸ்கைரிம் என்ற கற்பனை உலகக் கேமை ஆடிவருபவன் நான். அவர் சொல்வதில் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது. மீதிப் பாதியைக் கட்டுரையாளரின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

மறுப்பு முதலில். ஸ்கைரிம் அடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை கேம்களைப் பொறுத்தவரை, படம் வரைந்தவரே தூரிகையையும் வண்ணத்தையும் நம் கையில் கொடுத்துவிட்டார். 2002-இல் அந்த வரிசையின் மாரோவிண்ட் கணினிக்கு வந்தபோது, அந்த உலகத்தைக் கட்டப் பயன்பட்ட மென்பொருளையும் அதே பெட்டியில் வைத்து விற்றது, இவற்றை உருவாக்கும் பெதஸ்டா நிறுவனம். ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளியானது. அடுத்த பிப்ரவரியிலேயே அதற்கான கருவியை இலவசமாகக் கொடுத்தார்கள். எனவே அனுமதி இல்லாமல் கை வைத்தார்கள் என்ற பேச்சு இங்கே எடுபடாது. கை வைத்ததால் கேம் நன்றாக ஆனதா என்பதுதான் கேள்வி.

பல இடங்களில் நன்றாகத்தான் ஆனது. 2006-இல் இதே வரிசையில் வந்த ஒப்லிவியனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நம் லெவல் ஏற ஏற எதிரிகளின் லெவலும் கூடவே ஏறும். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இருபது, முப்பது மணி நேரம் ஆடி நிமிர்ந்தால், சாலையோரத்தில் நம்மை மறித்து 100 பொற்காசு கேட்கும் வழிப்பறிக்காரன், அரசனிடம்கூட இல்லாத விலையுயர்ந்த கவசம் அணிந்து நிற்பான். அந்தக் கவசத்தை விற்றால் அவனுக்கு ஆயுள் முழுக்க வழிப்பறியே தேவைப்படாது! நாம் வளர்ந்தோம் என்ற உணர்வே அங்கே செத்துப்போகிறது. ஆஸ்குரோ என்ற புனைபெயரில் ஒருவர் செய்த மாட் இதைத் திருத்தியது. ஆபத்தான குகை எப்போதும் ஆபத்தான குகை, எளிய திருடன் எப்போதும் எளிய திருடன் என்று அந்த உலகத்துக்கு ஒரு நிலைத்த தன்மையைக் கொடுத்தது. லெவல் ஒன்றில் தோற்று ஓடிவந்த இடத்துக்கு லெவல் பதினைந்தில் திரும்பிப்போய் ஜெயிப்பதில் இருக்கும் நிறைவு, மூல ஆட்டத்தில் இல்லாதது. இதை மீசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கைரிமில் விண்ட்ஹெல்ம் நகரத்துக் கொலை வழக்கும் அப்படித்தான். இரவில் பெண்களைக் கொல்பவன் யார் என்று துப்பு துலக்கும் அருமையான குவெஸ்ட், அதாவது நமக்குத் தரப்படும் கதைப்பணி. பலருக்கு அது தொடங்கவே தொடங்காது, தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடும். இதுபோன்ற நூற்றுக்கணக்கான பிழைகளை ரசிகர்கள் தேடித்தேடிச் சரிசெய்து ஒரே தொகுப்பாக வைத்திருக்கிறார்கள். கணினிக்குப் பொருந்தாத மெனுவை ஸ்கை யூஐ என்ற மாட் ஒழுங்காக்கியது. விற்ற நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலையைக் காசு வாங்காமல் ரசிகர்கள் செய்வது சரியா என்று கேட்டால், சரியில்லை. ஆனால் அதற்காகச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி அந்த வாசகரோடு நான் உடன்படும் பாதி.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். நான் சொல்லிச் சொல்லித்தான் ஸ்கைரிம் வாங்கினான். வாங்கிய அன்றே யாரோ தொகுத்த பட்டியல் ஒன்றைப் பார்த்து இருநூற்றுக்கும் மேற்பட்ட மாட்களை ஏற்றிவிட்டான். புல், மரம், பனி, முகங்கள் எல்லாம் கண்ணைப் பறித்தன, உண்மைதான். கூடவே, மேப்பில் எல்லா ஊர்களையும் முதலிலேயே திறந்துவிடும் மாட் ஒன்று. ஒரே வெட்டில் எதையும் சாய்க்கும் வாள் ஒன்று. எவ்வளவு பொருளையும் சுமக்கவிடும் மாட் ஒன்று. மூன்றாம் நாள் "போர் அடிக்குது மாமா" என்று நிறுத்திவிட்டான்.

அவன் இழந்தது என்ன என்று எனக்குத் தெரியும். கதையின் தொடக்கத்தில், மலை உச்சியில் இருக்கும் ஹை ஹ்ரோத்கார் மடத்துக்குப் போகச் சொல்வார்கள். ஐவர்ஸ்டெட் என்ற சிற்றூரிலிருந்து 7,000 படி என்பது ஊர்ப்பேச்சு. ஏற்கெனவே கால் வைத்த இடத்துக்குத்தான் மேப்பில் தாவ முடியும் என்பதால், முதல் முறை ஏறித்தான் ஆக வேண்டும். பனிக்காற்றில் ஏறிக்கொண்டிருக்கும்போது வழியில் ஒரு பனிப்பூதம் பாய்ந்து வரும். நான் அங்கே ஐந்து முறை செத்தேன். எவ்வளவு வெட்டினாலும் அதன் காயம் தானாக ஆறிவிடும். ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே எல்லோர் கையிலும் இருக்கும், நான் சீந்தாமல் விட்டிருந்த தீ மந்திரத்தை ஆறாவது முறை வேறு வழியில்லாமல் எடுத்தேன். பூதத்துக்குத் தீ ஆகாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த மலை சொல்லிக்கொடுத்தது. அதன்பின் மடத்து வாசலில் நின்று கீழே பார்த்தபோது என்ன தோன்றியது என்பதை நான் எத்தனை முறை விவரித்தும் அக்கா மகனுக்குப் புரியவில்லை. அவன்தான் படியில் கால் வைக்கவே இல்லையே, மேப்பில் தாவிப் போய்விட்டான்.

மாரோவிண்டில் இது இன்னும் கூர்மை. அதில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. பால்மோராவிலிருந்து ஆர்க்ன்தாண்ட் இடிபாட்டுக்குப் போக வேண்டுமானால், ஒருவர் வாய்மொழியாக வழி சொல்வார். அதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொண்டு பாலத்தைத் தேடி, மேட்டைத் தேடி, கதவைத் திறக்கும் திருகியைத் தேடி அலைய வேண்டும். அலைச்சல்தான் அங்கே ஆட்டம். அதில் அம்புக்குறியைக் கொண்டுவந்து நட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் நடை.

அதே கேமில் கிளிஃப் ரேசர் என்ற பறவை போன்ற பிராணி ஒன்று உண்டு. நிழலாகப் பின்தொடர்ந்து, நாலு அடி நடப்பதற்குள் தலைக்கு மேல் வந்து கொத்தும். அதை ஒழிக்கும் மாட்களும் சாதுவாக்கும் மாட்களும் பெருகின. இதில் நான் மாட் பக்கம்தான் நிற்கிறேன், ஏனென்றால் பத்தாவது முறைக்குப் பிறகு அது நமக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. பெதஸ்டாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும்: மாரோவிண்டின் முதல் காட்சியில் கப்பலில் நம் பெயரைக் கேட்கும் கைதி ஜியூப், பின்னாளில் அந்தப் பிராணிகளை நாட்டைவிட்டே விரட்டிப் புனிதராகிவிட்டார் என்று அடுத்தடுத்த கேம்களின் கதையிலேயே எழுதிவிட்டார்கள்.

பால்டர்ஸ் கேட் 3 என்ற வேறொரு கேமிலும் இதே கணக்கு. நால்வர் கூட்டணிக்கென்று அளந்து வைத்த சண்டைகள் அவை. ஆள் வரம்பை நீக்கும் மாட் போட்டு எட்டுப் பேரோடு இறங்கினால், எதிரிக்கு முறை வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும். இரண்டாவது முறை ஆடும்போது எல்லாத் தோழர்களின் பேச்சையும் ஒன்றாகக் கேட்க ஆசைப்பட்டு அப்படி ஆடினால் தவறில்லை. முதல் முறையே அப்படி ஆடுபவர் எதை ஆடுகிறார்?

தொழில்நுட்பம் பற்றியும் ஒரு வார்த்தை, கட்டுரை அதைத் தொடவே இல்லை என்பதால். ஸ்கைரிம் மாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுபவை. ஒரே பொருளை இரண்டு மாட்கள் மாற்றினால் லோடு ஆர்டரில், அதாவது மாட்கள் ஏற்றப்படும் வரிசையில், கடைசியில் இருப்பது ஜெயிக்கும். பாதி ஆட்டத்தில் ஒன்றை உருவினால், அது ஓடவிட்ட ஸ்கிரிப்ட்கள் எனும் சிறு நிரல்கள், ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் சேவ் ஃபைலுக்குள் அநாதையாகத் தங்கிவிடும். இது தெரியாமல் ஒரு மாட்டை நடுவில் நீக்கி, 90 மணி நேரம் வளர்த்த என் கதாபாத்திரத்தை நானே பறிகொடுத்தேன். அன்று இரவு தூங்கவில்லை. புதியவர்களிடம் 40 பெயர்களை நீட்டும்போது இந்த எச்சரிக்கையைச் சேர்க்காமல் விட்டது பெரிய குறை.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் மனத்துக்கு மிக நெருக்கமான மாட்களைச் சொல்லாமல் விட முடியாது. லிடியா என்ற தோழி ஸ்கைரிமில் நம்மோடு நூறு மணி நேரம் நடந்தாலும் சொன்ன நாலு வரியையே திரும்பச் சொல்வாள். ரசிகர் ஒருவர் உருவாக்கிய இனிகோ என்ற தோழனுக்கோ 7,000-க்கும் மேற்பட்ட வசனங்கள், எல்லாம் குரலோடு. மழை பெய்தால் அவன் ஒன்று சொல்வான், குகைக்குள் நுழைந்தால் வேறொன்று. ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்த நிக் பியர்ஸ் 2015-இல் செய்த 'தி ஃபர்காட்டன் சிட்டி' மாட்டில், ஒருவர் குற்றம் செய்தால் ஊரே சாகும் ஒரு பாதாள நகரம். காலத்தில் பின்னோக்கிப் போய்ப் போய்த்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். 2016-இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது அதற்குக் கிடைத்தது. 2021-இல் ரோமானிய நகரத்துக் கதையாக மாறித் தனி கேமாகவே வெளிவந்தது. ஜெர்மனியின் ஷூர் ஏஐ குழு 2016-இல் இலவசமாகக் கொடுத்த எண்டரால், ஸ்கைரிமின் எலும்புக்கூட்டின் மேல் எழுப்பிய முழுப் புதிய நாடு. இவற்றைச் செய்தவர்கள் மூல ஆட்டத்தை அணு அணுவாக ஆடித் தீர்த்தவர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இது. அந்த 40 மாட்களின் பட்டியலை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். பிழை நீக்கும் தொகுப்பு, மெனு மாட் போன்ற நாலைந்தை மட்டும் 'தொடங்குபவர்களுக்கு' என்ற தலைப்பில் போடுங்கள். வாள், மேப், சுமை, ஆள் வரம்பு போன்றவற்றை 'ஒரு முறை கதையை முடித்தவர்களுக்கு' என்று தனியாகப் பிரியுங்கள். இடம் மிஞ்சினால், செய்தவர்களின் புனைபெயரையும் ஒவ்வொரு மாட்டுக்கும் எதிரே அச்சிடுங்கள். சென்ற முறை ஒருவர் பெயர்கூட இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.