புதுப் பொறியாளரை ராத்திரிக் கான்கிரீட்டில் தனியாக நிறுத்தாதீர்கள்

சென்னைக் கட்டுமான நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும் திட்ட மேலாளர்களுக்கும்,

வணக்கம். சைட்டிலும் டிசைன் அலுவலகங்களிலும் வேலை பார்த்துத் தலை நரைத்த சிவில் பொறியாளர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று எங்கள் வயதுக்காரர்கள் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சில் எங்களுக்கு உடன்பாடில்லை. கல்லூரி முடித்து வருகிறவர்களுக்குக் கணக்கு தெரிகிறது, மென்பொருள் தெரிகிறது. வரைபடத்தில் சரியாக இருப்பது சைட்டில் எந்த இடத்தில் கெடும் என்பதுதான் தெரியவில்லை. அது வகுப்பறையில் தெரியவும் வராது. காட்டித்தர வேண்டிய மூத்தவர் பக்கத்தில் இல்லை என்பதே குறை.

இன்று முதல் வருடம் எப்படிப் போகிறது? அன்றாட அறிக்கை, எக்செல், பில் சரிபார்ப்பு, வாட்ஸ்அப்புக்குப் போட்டோ. திடீரென்று ஒரு நாள் ஸ்லாப் (தளம்) கான்கிரீட். நகருக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் பல இடங்களில் கான்கிரீட் ராத்திரிக்குத்தான் ஓடுகிறது. மூத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். அனுபவம் மிகவும் குறைந்த ஆள், மிக முக்கியமான எட்டு மணி நேரத்துக்குப் பொறுப்பாளி.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிரான்சிட் மிக்சர் (கலவையைச் சுற்றியபடியே கொண்டுவரும் டிரம் லாரி) டிராஃபிக்கில் சிக்கித் தாமதமாக வருகிறது. தயார்க் கலவைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4926, லோடு ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கச் சொல்கிறது. கலவை இறுகத் தொடங்கிவிட்டதால் பம்ப் திணறுகிறது. "தம்பி, கொஞ்சம் தண்ணி விட்டுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆறு கன மீட்டர் டிரம்மில் 60 லிட்டர் என்றால் கன மீட்டருக்கு 10 லிட்டர். கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45 என்று டிசைன் செய்த கலவையில் தண்ணீர் 157.5 லிட்டர், அது 167.5 ஆகும்போது விகிதம் 0.48-ஐத் தொடுகிறது. கொட்டிவாக்கம், நீலாங்கரை போன்ற கடலோரக் கட்டடத்துக்குக் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456 அனுமதிக்கும் உச்ச வரம்பு 0.45. ஒரே தலையசைப்பில் வரம்பு போய்விட்டது. பலம் குறைவது ஒரு பக்கம். உப்புக் காற்று கம்பியை எட்டும் வழி சுலபமாகிவிடுவதுதான் பெரிய கேடு.

அந்த இளைஞர் என்ன செய்ய வேண்டும்? வண்டியோடு வரும் சலானில் லோடு ஏற்றிய நேரத்தைப் பார்க்க வேண்டும். 300 மில்லிமீட்டர் கோனை வைத்துத் தன் கையால் ஸ்லம்ப் (கலவையின் இளக்க அளவு) எடுக்க வேண்டும். குறைந்திருந்தால் பிளான்ட்டின் தரக்கட்டுப்பாட்டு ஆள் அளந்து அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்த்து, டிரம்மை வேகமாகச் சுற்றவிட்டு, மறுபடி ஸ்லம்ப் எடுக்க வேண்டும். தேறாவிட்டால் வண்டியைத் திருப்ப வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஆறு கன மீட்டர் கான்கிரீட்டைத் திருப்பினால் காலையில் யார் கேள்வி கேட்பார்களோ என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் செல்லாது. வண்டியைத் திருப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை எழுத்தில் கொடுங்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்.

இன்னொன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். பால்கனி கான்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ள ஸ்லாப். 150 மில்லிமீட்டர் ஸ்லாப், மேல் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 30, கம்பி 10. எஃபெக்டிவ் டெப்த், அதாவது அடிப்பரப்பிலிருந்து கம்பியின் மையம் வரை, 115. இங்கே முக்கியக் கம்பி மேலே இருக்கிறது என்பதும், சேர் கம்பிகளின் (நாற்காலி போல வளைத்த தாங்கிகள்) மேல் அது நிற்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். கான்கிரீட்டுக்கு முன் செக்லிஸ்ட்டில் டிக் விழுந்துவிடும். பிறகு பம்ப் குழாயை இழுப்பவர், வைப்ரேட்டர் பிடிப்பவர், மட்டப்பலகை போடுபவர் எல்லோரும் அதே கம்பியில் நடக்கிறார்கள். சேர் சாய்ந்து கம்பி 40 மில்லிமீட்டர் இறங்கினால் டெப்த் 75. தாங்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. மேலே பூச்சு வந்த பிறகு எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே கான்கிரீட் விழும்போதே, நடைபலகை போட்டிருக்கிறதா என்று பார்த்து, ஈரக் கலவைக்குள் ஒரு துண்டுக் கம்பியைக் குத்தி மேல்கம்பி எத்தனை ஆழத்தில் தட்டுகிறது என்று அளக்கப் பழக்க வேண்டும். போட்டோவில் இது தெரியாது.

ரிங் (தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) விஷயமும் இப்படித்தான். ஐ.எஸ். 1893:2016 சென்னையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது, நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 13920 இங்கே கட்டாயம். 8 மில்லிமீட்டர் ரிங்கின் கொக்கி 135 டிகிரி வளைந்து, அதன் பிறகு குறைந்தது 65 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். 90 டிகிரியில் நிறுத்தினால் கம்பி கட்டுபவருக்கு வேலை சுலபம். நில அதிர்வில் கவர் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி திறந்துகொள்ளும், தூண் கம்பி வெளியே பிதுங்கும். நானூறு ரிங் கட்டி முடித்த பின் இதைக் கண்டுபிடித்து என்ன பயன்? "விடுங்க சார், எல்லா சைட்லயும் இப்படித்தான்" என்ற பதில்தான் வரும். வளைக்கும் மேசையில் முதல் ரிங்கைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிப்பதில் புதியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில். 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள், 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நாட்கள் ஓ.பி.சி. என்னும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு. நம் சைட்டுகளில் பெரும்பாலும் வருவது சாம்பல் கலந்து மெல்லப் பலம் பெறும் பி.பி.சி. அதற்கு நாள் கூட வேண்டும், க்யூரிங்கும் (ஈரம் காயாமல் வைப்பது) குறைந்தது 10 நாள் வேண்டும். மூட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது, சலானில் எந்தச் சிமென்ட் என்று படிக்காமல் நாள் எண்ணக் கூடாது.

கியூப் (பலம் சோதிக்க வார்க்கும் 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கட்டி) ரிப்போர்ட்டை ஃபைல் செய்வது பயிற்சி ஆகாது. எம் 30, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் பலம் என்றால் கியூபுக்கு 675 கிலோநியூட்டன் என்பதை அவரே கணக்கிட்டு, லேபில் மெஷின் பக்கத்தில் நின்று உடைவதைப் பார்க்கட்டும். மூன்று கியூபும் மாதாமாதம் தசமப் புள்ளி வரை ஒன்றுபோல வந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்.

1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் தரமணியில் உள்ள மத்திய அரசின் பயிற்சி வாரியம் வழியாக ஒரு வருடப் பயிற்சியாளர்களை எடுக்கிறீர்கள். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு தருகிறது. அந்தப் பணம் தட்டச்சு வேலைக்காகத் தரப்படவில்லை. மூன்று மாதம் கம்பி, மூன்று மாதம் கான்கிரீட்டும் லேபும், இரண்டு மாதம் சர்வே, மீதி மாதங்கள் பில்லும் பிளானிங்கும் என்று சுற்றவிட்டால் ஒரு வருடம் சரியாகக் கழியும்.

இதற்கு மூத்தவரின் நேரம் வேண்டும். நேரத்துக்குப் பணம் வேண்டும். "முடிந்தபோது சொல்லிக்கொடுங்கள்" என்றால் யாருக்கும் முடியாது. சீனியர் எஞ்சினியரின் வாரத்தில் நான்கு மணி நேரத்தைப் பயிற்சிக்கென்று திட்ட பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள். அவருடைய ஆண்டு மதிப்பீட்டிலும் அதைச் சேருங்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்ட நகரம் இது. இந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்து வரும் ஸ்லாப்பிலிருந்தே தொடங்கலாம். முதல் பத்துக் கான்கிரீட்டுக்கு இளையவரோடு மூத்தவர் ஒருவர் கடைசி வண்டி கழுவிப் போகும்வரை நிற்கட்டும். செக்லிஸ்ட்டில் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். ராத்திரி நின்ற மூத்தவருக்கு மறுநாள் விடுப்பு கொடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையின் மூத்த சிவில் பொறியாளர்கள் சிலர்