வாரண்டி விதிமுறைகளைப் பணம் கட்டும் முன்பே தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வாங்கப் போனால் விலையெல்லாம் பேசி முடித்து, கையெழுத்துப் போடுகிற நேரத்தில்தான் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி', அதாவது தனியாகக் காசு கட்டி வாங்குகிற ரிப்பேர் உத்தரவாதம், அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். "பதினைந்தாயிரம்தான் சார், லோனிலேயே சேர்த்துடலாம்" என்பார்கள். லோனில் சேர்த்தால் அந்தத் தொகைக்கும் நாலைந்து வருஷம் வட்டி கட்ட வேண்டும், வாரண்டியோ பல இடங்களில் ஒரு வருஷத்திலேயே முடிந்துவிடும், இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. விதிமுறைகள் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு மெயிலில் வரும், அதுவும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

என் மச்சான் கோவையில் இப்படித்தான் ஏழு வருஷப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை எடுத்தார். கொஞ்ச நாளில் ஏ.சி. கம்ப்ரசர் போய்விட்டது. வாரண்டிப் பட்டியலில் கம்ப்ரசர் இருக்கிறது. ஆனால் முந்தைய ஓனர் இரண்டு சர்வீஸை வெளி மெக்கானிக்கிடம் செய்திருக்கிறார், அதனால் கிளெய்ம் கிடையாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. விற்கும்போதே அந்த சர்வீஸ் விவரம் அவர்கள் கையில்தானே இருந்தது? தெரிந்தே பணத்தை வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

வாங்க நினைப்பவர்கள் எதெல்லாம் சேராது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் என்று பழைய வண்டியில் அடிக்கடி செலவு வைக்கிற சாமான்கள் பெரும்பாலும் 'தேய்மானம்' என்ற பேரில் அங்கேதான் இருக்கும். ஒரு கிளெய்முக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற வரம்பு, வெளியில் சிஎன்ஜி (கேஸ்) கிட் போட்டிருந்தால் வாரண்டி ரத்து என்ற விதி, இதையும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், மேனுவல் கியர் உள்ள சின்ன பெட்ரோல் காருக்கு இது வேண்டாம். பழகிய மெக்கானிக்கைக் கூட்டிப்போய், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்து, கோளாறைக் காட்டுகிற ஸ்கேனரும் போட்டுப் பார்த்துவிட்டு, வாரண்டி வாங்காமல் மிச்சமான பணத்தை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஆட்டோமேட்டிக், டர்போ டீசல் என்றால் யோசிக்கலாம், அதில் கியர்பாக்ஸோ இன்ஜெக்டரோ போனால் செலவு தாங்காது. அதற்கும் முன்னால், கார் கம்பெனி கொடுத்த வாரண்டி ஏதாவது பாக்கி இருக்கிறதா, ஆர்.சி. மாற்றும்போது அதையும் நம் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

வாரண்டி விற்கிறவர்கள் விதிமுறைகளைத் தமிழில் அச்சிட்டு, பணம் வாங்குவதற்கு முன்பே கையில் கொடுக்க வேண்டும், அந்த வண்டிக்கு அது செல்லும் என்று சர்வீஸ் விவரத்தைப் பார்த்து எழுதியும் தர வேண்டும். இதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம், நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணமே கிடையாது.

இப்படிக்கு,
வாசகர், திருப்பூர்