கோரிக்கை மனு: ஜாலான் துன் சார்டோன் வளைவில் நிற்கும் தடுப்புகளுக்குள் தண்ணீராவது ஊற்றுங்கள்

பெறுநர்: சாலைப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், பினாங்கு.

அனுப்புநர்: பாயா தெருபோங் அடுக்குமாடிக் குடியிருப்பாளர், பாலிக் புலாவுக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்.

பொருள்: மலைச்சாலை வளைவில் காற்றுக்கு நகர்ந்து பாதைக்குள் வரும் பிளாஸ்டிக் தடுப்புகள் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த வளைவைப் பற்றி நான் எழுதுவது இது முதல் தடவை இல்லை. இணையத்தில் புகார் போட்டேன், கவுண்டருக்கே வந்து கடிதம் கொடுத்து முத்திரை வாங்கினேன், வாட்ஸாப்பில் படமும் அனுப்பினேன். பதில் என்று வந்தது ஒரு புகார் எண் மட்டும். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் இப்போது 'செலேசாய்', அதாவது 'முடிந்தது', என்று காட்டுகிறது. எது செலேசாய் ஆனது என்று போய்ப் பார்த்தேன், எல்லாம் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் ஐயா அவர்களின் நேரடிப் பார்வைக்கு இந்த மனு. தயவுசெய்து இதையாவது கடைசி வரை படியுங்கள்.

இடத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டுரியான் காலத்தில் அந்த மலைமேல் ஏறாதவர் பினாங்கில் யார்? பாயா தெருபோங் பக்கமிருந்து ஏறி, மேடு தாண்டி, பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது, மலையை வெட்டிய சுவர் முடிந்து பள்ளம் சட்டென்று திறந்துகொள்ளும் வளைவு. மண் சரிந்த இடத்தில் நீலக் கன்வாஸ் போர்த்தி, ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தடுப்புகளை வரிசையாக வைத்திருக்கிறீர்களே, அதேதான்.

1. அந்தத் தடுப்புகள் காலியாக இருக்கின்றன. தண்ணீர் நிரப்பி நிறுத்த வேண்டியவை அவை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, தட்டினால் டொங்கு டொங்கு என்கிறது. ஒன்றோடு ஒன்று கோத்து மாட்டவும் இல்லை.

2. காற்று. ஐயா காரில் வருவீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏப்ரல் மாத வாக்கில் தொடங்கி நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று மழை நம் மேற்குக் கரையை அடிக்கிறது, அதுவும் பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும். வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வருடமும் எச்சரிக்கை கொடுக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். பாலிக் புலாவ் தீவின் மேற்குப் பக்கம். கடலைத் தாண்டி வரும் காற்று முதலில் முட்டுவது அங்கேதான், முட்டிவிட்டு மலை இடுக்கு வழியாக மேலே ஏறி வருகிறது. நாங்கள் வேலைக்கு இறங்குவதும் அதே நேரம். காற்று அடிக்கும் நேரத்துக்கும் எங்கள் ஷிப்ட் நேரத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

வெட்டிய மலைச் சுவரின் மறைவில் இறங்கும்வரை ஒன்றும் தெரியாது. சுவர் முடிந்த அந்த நொடியில் பக்கவாட்டில் ஒரே தள்ளு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், இது பள்ளிக்கூடத்துப் பாடம். என் கப்சாய், அதாவது சின்ன மோட்டார், சுமார் 100 கிலோ. மழைக்கோட்டு போட்டிருந்தால் அது வேறு காற்றை வாங்கிப் பாய்மரம் போல் உப்பிக்கொள்ளும். உணவு டெலிவரி செய்யும் பையன்கள் முதுகில் அந்தச் சதுரப் பெட்டியைச் சுமந்துகொண்டு எப்படித்தான் போகிறார்களோ, எனக்கே புரியவில்லை. சரி, காற்றுக்கு எதிராக உடம்பைச் சாய்த்து ஓட்டலாம், பழகிவிட்டோம். ஆனால் எதிரே ஒரு லோரி வந்துவிட்டால் கதை வேறு. லோரி தாண்டும் அந்த ஒரு கணம் காற்று மறைந்துபோகும், சாய்ந்த வண்டி லோரி பக்கமே இழுக்கும், நிமிர்த்தினால் மறுபடியும் காற்று அறையும். இறக்கம் வேறு. இரண்டாவது கியரில் போட்டு எஞ்சின் பிடியில்தான் இறங்க வேண்டும், டிரம் பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி மலையிலேயே சூடேறிப் பிடி விட்டுவிடும். ஈர இலை கிடக்கும் வளைவில், வண்டி சாய்ந்திருக்கும்போது, பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சறுக்கும்.

இதற்கெல்லாம் நான் உங்களைக் குறை சொல்லவில்லை. மலையை நீங்கள் வைக்கவில்லை, காற்றையும் நீங்கள் விடவில்லை. தடுப்பை வைத்தது மட்டும் நீங்கள்தான்.

3. இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். மேலே சொன்ன காற்று எங்களை மட்டும் தள்ளவில்லை, அந்தத் தடுப்புகளையும் தள்ளுகிறது. காலிப் பிளாஸ்டிக், பலகை மாதிரி அகலம், அடியில் வழவழப்பான சாலை, சாலையும் சரிவு. இரவெல்லாம் காற்று அடித்தால் காலையில் வரிசை வரிசையாக இருக்காது. ஒன்று குப்புறக் கிடக்கும், ஒன்று கோணலாக நிற்கும், ஒன்று நாங்கள் போகிற பாதையின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். இடது ஓரம்தான் மோட்டாருக்கு, அங்கேதான் அது நிற்கும். வளைவு என்பதால் திரும்பும்வரை கண்ணுக்குத் தெரியாது. விடியாத இருட்டு, மழை, ஹெல்மட் கண்ணாடியில் நீர், அதற்குள் அந்த ஆரஞ்சு நிறமும் வெயிலில் வெளுத்துப்போய் மண்ணும் அப்பிக்கொண்டு சாம்பலாகத் தெரிகிறது, ஒளி திருப்பும் பட்டையும் உரிந்துவிட்டது. பார்த்து ஒதுங்கலாம் என்றால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? வலது பக்கம் பின்னால் வரும் கார். இடது பக்கம் பள்ளம்.

நின்று கிடக்கும் தடுப்பாவது பரவாயில்லை. நாங்கள் போகிற நேரத்திலேயே நகர்கிறது, ஐயா. நகர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேரின் சாப்பாட்டு டிபனும் அவர் மடியில். காற்று ஒரு இழுப்பு இழுத்தது, தடுப்பு கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு தானாக எங்கள் பக்கம் வந்தது, முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றிலிருந்து அவர் அந்த வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்கிறார். சாலை பாதுகாப்புக்கு வைத்த பொருளுக்கு முருகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதற்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகலாம், வேலைக்குப் போகிற வழியில் எதற்கு?

எங்கள் புளோக்கில் ஒரு பையன் இதே தடுப்பில் மோதி விழுந்து காறை எலும்பு உடைந்துவிட்டது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தான், நாள் கூலி வேலை, போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. புகார் கொடுடா என்றால், "அண்ணே, வேகமாக வந்தியா என்றுதான் முதல் கேள்வி கேட்பாங்க" என்கிறான். அவன் சொல்வதும் சரிதானே. மோட்டார்காரன் விழுந்தால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அத்தனை பேரும் வேகமாகத்தான் போனார்களா?

அந்தத் தடுப்பை ஒருவர் ஒரு கையால் இழுத்துவிடலாம். நானே இழுத்து ஓரத்தில் வைத்திருக்கிறேன், இருட்டில், மழையில், பின்னால் வரும் வண்டி என்னை அடித்துவிடுமோ என்று பயந்துகொண்டு. என்னைப் போல் இன்னும் பலர் செய்கிறார்கள், பெயர் தெரியாத மலாய்க்காரப் பெரியவர் ஒருவரும் நானும் சேர்ந்தே ஒரு முறை இழுத்து வைத்தோம். மறுநாள் காலை பழையபடி நடுச்சாலையில். இது எங்கள் வேலையா ஐயா?

4. தண்ணீர் ஊற்றினால் ஏடிஸ் கொசு வரும், டிங்கிக் காய்ச்சல் பரவும், அதனால்தான் காலியாக விட்டிருக்கிறோம் என்று கவுண்டரில் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். டிங்கி சாதாரண விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடுப்பின் மேலே ஊற்றுகிற துளைக்கு மூடி என்று ஒன்று உண்டு. மூடியை மூடினால் கொசு எப்படி உள்ளே போகும்? மூடி தொலைந்துவிட்டதா, வாங்கிப் போடுங்கள். தண்ணீரே வேண்டாமா, மணல் மூட்டை வையுங்கள். அதுவும் வேண்டாமா, கான்கிரீட் தடுப்பு வையுங்கள், அது எந்தக் காற்றுக்கும் அசையாது. காலி பிளாஸ்டிக்கை மலை உச்சியில் காற்றில் நிறுத்துவது மட்டும் வேண்டாம். இதைச் சொல்ல இஞ்சினியர் படிப்பு தேவையா?

5. வேறு வழியில் போகலாமே என்றும் சொன்னார்கள். எந்த வழி? தெற்கே தெலோக் கும்பார் சுற்றிப் போனால் பாயான் லெப்பாஸ் பேக்டரி நெரிசலுக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். வடக்கே தெலோக் பஹாங் வழி அதைவிடச் சுற்று, அதுவும் மலை வளைவுதான். எங்களுக்கு இந்தச் சாலைதான்.

6. கன்வாஸும் கிழிந்து காற்றில் படபடக்கிறது. ஒரு நாள் யார் முகத்திலாவது சுற்றிக்கொள்ளப் போகிறது. இதையும் பாருங்கள், ஆனால் தடுப்பு முதலில்.

7. மறுபடியும் தடுப்பு. நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டாருக்குத் தனித்தடம் போட்டார்கள், அதை எல்லாம் நாங்கள் கேட்கவில்லை, மலையில் அதற்கு இடமும் இல்லை. 2019 ஜனவரியிலிருந்து பினாங்குப் பாலங்களில் மோட்டாருக்கு டோல் இல்லை, அதற்கு நன்றி, உண்மையாகவே நன்றி. பாலத்தில் பலத்த காற்று என்றால் மோட்டார்காரர்களே கவனம் என்று எச்சரிக்கிறார்கள். அதே காற்றுதானே இந்த மலையிலும் அடிக்கிறது? இங்கே 'அவாஸ்' (கவனம்) என்று ஒரு பலகைகூட கிடையாது. பலகை இல்லாவிட்டாலும் போகட்டும். ஒரு தடுப்புக்கு 200 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அதன் எடை 200 கிலோ கூடிவிடும். ஒரு தண்ணீர் லோரி, இரண்டு ஆட்கள், ஒரு காலை நேரம். அவ்வளவுதான் செலவு. லோரி அனுப்ப முடியாது என்றால் சொல்லுங்கள், எங்கள் புளோக் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வாளியும் குழாயுமாக வந்து நாங்களே ஊற்றிவிடுகிறோம். அனுமதி மட்டும் எழுத்தில் கொடுங்கள், அரசாங்கப் பொருளில் கை வைத்தாய் என்று பிறகு எங்கள் மேல் வழக்கு வரக்கூடாது.

ஐயா, மரியாதைக் குறைவாக எதுவும் எழுதியிருந்தால் மன்னியுங்கள். காலையில் அந்த வளைவைத் தாண்டி வந்த கையோடு எழுதுகிறேன், கை இன்னும் நடுங்குகிறது, அதனால் வார்த்தையும் கொஞ்சம் தடித்திருக்கும். 2017 நவம்பர் புயல் மழையில் இந்தத் தீவு பட்ட பாட்டை நீங்களும் பார்த்தவர்தான், மரம் சாய்ந்ததும் மண் சரிந்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி ஒரு காற்று மறுபடி வந்தால் இந்தத் தடுப்புகள் எங்கே போய் நிற்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எனவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, அந்த வளைவில் உள்ள தடுப்புகளில் தண்ணீரோ மணலோ நிரப்பி, ஒன்றோடு ஒன்று கோத்து, ஒளி திருப்பும் பட்டை ஒட்டி நிறுத்த உடனே உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், அவற்றை அங்கிருந்து எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் ஒன்று செய்யுங்கள். செய்யாமல் மறுபடி 'செலேசாய்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

அந்தச் சாலையில் மோட்டாரில் போய்வருகிற எங்கள் புளோக் ஆட்களும் பாலிக் புலாவ் பக்கத்து நண்பர்களும் போட்ட கையெழுத்துகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். காற்று நாளில் எடுத்த படங்களும் இருக்கின்றன. நேரில் பார்க்க விரும்பினால் காலை ஆறரைக்கு வாருங்கள், நானே கூட வந்து காட்டுகிறேன். காரில் வேண்டாம், என் மோட்டாரில் பின்னால் உட்காருங்கள், இன்னொரு ஹெல்மட் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பாயா தெருபோங் குடியிருப்பாளர்
(மற்ற மோட்டார் ஓட்டிகளின் கையெழுத்துகள் அடுத்த பக்கத்தில்)